புன்ட்டோவுக்கு லீனியா டி-ஜெட்டின் பின் ஆக்சில், டிஸ்க் பிரேக், ஸ்பிரிங்: மாற்றலாமா?

பாலக்கோடு_புன்ட்டோ எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2011ஆம் ஆண்டு தருமபுரியில் பதிவான ஃபியட் கிராண்டே புன்ட்டோ 1.3 மல்டிஜெட் கார் இருக்கிறது. ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் மின்னணு அமைப்பு) இல்லாத வகை. 1,38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. என் தாயாரின் சிகிச்சைக்காக மாதம் இருமுறை பாலக்கோட்டிலிருந்து தருமபுரி வழியாகச் சேலத்துக்குப் போய்வர வேண்டியிருப்பதால் தொப்பூர் கணவாய் எனக்குப் பழகிய பாதை. ஏறி வருவதில் குறை எதுவும் இல்லை. இறங்கும்போதுதான் இப்போது பயம் பிடித்திருக்கிறது.

இரண்டு மாதங்களுக்கு முன் ஐந்து பேரும் சாமான்களுமாகச் சேலம் நோக்கி இறங்கிக்கொண்டிருந்தபோது, இரட்டைப் பாலத்தை நெருங்கும் சமயத்தில் கருகிய வாடை வந்தது. அடுத்த முறை மிதித்தபோது பெடல் வழக்கத்தைவிட மிகவும் தாழ்ந்துபோய், பஞ்சை மிதிப்பதைப் போல இருந்தது. இரண்டு மூன்று முறை விட்டுவிட்டு மிதித்து, கியரைக் குறைத்து, ஒருவாறு கீழே இறங்கி ஓரமாக நிறுத்தினேன். அரை மணி நேரம் கழித்துப் பெடல் பழைய உயரத்துக்குத் திரும்பிவிட்டது.

ஊரில் பட்டறையில் காட்டியதில், பின்பக்க பிரேக் டிரம் இரண்டும் விளிம்பு கட்டும் அளவுக்குத் தேய்ந்திருப்பதும், வலப்பக்க வீல் சிலிண்டர் (டிரம்முக்குள் ஷூ என்னும் உராய்வுக் கட்டைகளைத் தள்ளும் சிறு சிலிண்டர்) கசிவதும், பின் ஷாக் அப்சார்பர்கள் எண்ணெய் விட்டிருப்பதும் தெரியவந்தன. ஃபியட் நிறுவனம் இங்கே கார் விற்பதை நிறுத்திச் சில ஆண்டுகள் ஆகிவிட்டதால், புதிய பாகங்கள் எல்லாவற்றையும் பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வரவழைக்க வேண்டும் என்றும் அதற்கு 14,000 ரூபாய் வரை ஆகும் என்றும் சொன்னார்கள்.

இந்த நேரத்தில் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு காயலான் கடையில், முன்பக்கம் நொறுங்கிய ஃபியட் லீனியா டி-ஜெட் (டர்போ பெட்ரோல் செடான்) ஒன்று உடைப்பதற்காக நிற்பதைப் பார்த்தேன். அந்த வகையில் நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பின் ஆக்சில் பீம் (இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்), ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்), டிஸ்க், காலிப்பர் (டிஸ்க்கை இருபுறமும் கவ்வும் பாகம்), காயில் ஸ்பிரிங், ஷாக் எல்லாவற்றையும் சேர்த்து 18,000 ரூபாய்க்குத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். புன்ட்டோவும் லீனியாவும் ஒரே அடித்தளத்தில் பிறந்த அண்ணன் தம்பி என்பதால் அப்படியே கழற்றி மாட்டிவிடலாம் என்பது அவருடைய வாக்கு.

நான் அறிய விரும்புவது இதுதான். இந்தத் தொகுதி என் காருக்கு உண்மையிலேயே பொருந்துமா? பொருந்தினால் தொப்பூர் இறக்கத்தில் எனக்கு வந்த தொல்லை தீருமா? பிரேக்கை விட்டுவிட்டு ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் மட்டும் எடுத்துக்கொள்வது நல்லதா? கார் 15 ஆண்டுகளை எட்டப்போகிறது, பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் மனத்தில் வைத்துச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஓசூர்_சிவப்பு_புன்ட்டோ எழுதியது:

வணக்கம் நண்பரே. என் புன்ட்டோவில் இந்த மாற்றத்தைச் செய்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் என்னுடைய கார் ஏ.பி.எஸ். உள்ள வகை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே லீனியாவிலிருந்து ஹப், காலிப்பர், காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட், ரப்பர் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள் என ஒன்று விடாமல் எடுத்தேன். ஓர் ஆணி குறைந்தாலும் வேலை நின்றுவிடும். எனக்குக் கேபிளில்தான் இரண்டு நாள் போயிற்று. லீனியாவின் வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) 2,603 மில்லிமீட்டர், புன்ட்டோவுக்கு 2,510. அந்த 93 மில்லிமீட்டர் வேறுபாடு எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்பதைக் காரின் அடியில் படுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பயனைக் கேட்டால் ஒளிக்காமல் சொல்கிறேன். பெடல் சற்று இறுக்கமாகத் தெரிகிறது, மழையில் நனைந்த பின் முதல் மிதியிலேயே பிடிக்கிறது, அலாய் வீலுக்குள் பார்க்க அழகாக இருக்கிறது. நிற்கும் தூரம் குறைந்ததாக என்னால் சத்தியம் செய்ய முடியாது.

சூளகிரி_எந்திரன் எழுதியது:

வணக்கம் ஐயா. நான் பிரேக் பாகங்களைச் சோதிக்கும் பணியில் 17 ஆண்டுகளாக இருப்பவன். உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்கு விடை தெரிந்தால் மற்றவற்றில் பாதி தாமாகவே தீர்ந்துவிடும்.

பிரேக் பிடிக்கும்போது காரின் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. உங்கள் காரின் எடை ஏறத்தாழ 1,150 கிலோ என்றும், அதில் 38 விழுக்காடு, அதாவது 437 கிலோ, பின் சக்கரங்களின் மேல் நிற்கிறது என்றும், எடைமையம் தரையிலிருந்து 550 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் எட்டுப் பங்கு வேகத்தணிப்பில், அதாவது நல்ல உலர்ந்த சாலையில் அழுத்திப் பிடிக்கும்போது, முன்னுக்கு நகரும் பாரம் 0.8ஐ 1,150ஆலும் 550ஆலும் பெருக்கி 2,510ஆல் வகுத்தால் வருவது, அதாவது சுமார் 202 கிலோ. பின்னால் மிஞ்சுவது 235 கிலோதான், மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு. அந்தப் பாரத்துக்கு மேல் பின் டயர்கள் சாலையைப் பற்ற முடியாது. அங்கே டிரம் இருந்தாலும் டிஸ்க் இருந்தாலும் சக்கரத்தைப் பூட்டும் அளவுக்கு வலு இரண்டுக்கும் உண்டு என்பதால், டிஸ்க் போட்டவுடன் நிற்கும் தூரம் குறையும் என்று எதிர்பார்ப்பதற்கு இடமில்லை.

இறக்கத்தில் நடப்பது வேறு. அங்கே கேள்வி வலுவைப் பற்றியது அல்ல, சூட்டைப் பற்றியது. ஆட்களுடன் 1,400 கிலோ எடையுள்ள கார், செங்குத்தாக 100 மீட்டர் உயரம் இறங்கும்போது, வேகம் கூடாமல் இருக்க வேண்டுமானால் ஏறத்தாழ 13.7 லட்சம் ஜூல் ஆற்றலை எங்காவது கரைத்தாக வேண்டும். அதே கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுவதும் நிற்கும்போது கரைப்பது 5.4 லட்சம் ஜூல். ஆக, ஒவ்வொரு 100 மீட்டர் இறக்கமும் நூறிலிருந்து இரண்டரை முறை அடித்து நிறுத்துவதற்குச் சமம். இயந்திரம் அதில் பங்கு எடுத்துக்கொள்ளாவிட்டால் காற்றும் உருளல் தடையும் தின்றது போக மீதி முழுவதும் பிரேக்கில் சூடாக இறங்கும், அதிலும் பெரும்பங்கு முன் டிஸ்க்குகளில்தான் இறங்கும்.

இப்போது உங்கள் அனுபவத்துக்கு வருகிறேன். சூட்டில் பேட் (டிஸ்க்கை அழுத்தும் உராய்வுக் கட்டை) தன் பிடிப்பை இழந்தால், பெடல் உயரமாகவும் கெட்டியாகவும் இருந்து, எவ்வளவு மிதித்தாலும் கார் நிற்காது. உங்களுக்கு நேர்ந்தது அப்படி அல்ல. பெடல் பஞ்சு போலத் தாழ்ந்தது, விட்டுவிட்டு மிதித்தபோது சற்று ஏறியது, ஆறிய பின் பழையபடி திரும்பியது. இது பெரும்பாலும் பிரேக் ஆயில் கொதித்துக் குழாயில் ஆவிக் குமிழ் உண்டானதன் அறிகுறி. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி, ஈரம் ஏறிய நிலையில் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கணவாயில் காலிப்பருக்குள் இருக்கும் ஆயில் அந்தச் சூட்டை எட்டுவது அரிதல்ல. கசியும் வீல் சிலிண்டர் இதனோடு சேர்ந்துகொண்டிருக்கலாம், ஆனால் அது மட்டுமே காரணமாக இருந்தால் ஆறிய பின் பெடல் தானாகத் திரும்பியிருக்காது.

எனவே இரண்டு விவரங்கள் வேண்டும். பிரேக் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? அன்று எந்தக் கியரில் இறங்கினீர்கள்?

அடுத்து, ஏ.பி.எஸ். இல்லாத உங்கள் காரில் டி-ஜெட்டின் பின் டிஸ்க் ஏன் எனக்குக் கவலை தருகிறது என்பதைச் சொல்கிறேன். டிரம் பிரேக்கில் முன்னணி ஷூவைச் சுழலும் டிரம்மே இழுத்துத் தன்மேல் அழுத்திக்கொள்வதால், சிறிய வீல் சிலிண்டரே போதுமானதாக இருக்கிறது. டிஸ்க்கில் இந்த உதவி கிடையாது, ஆகவே காலிப்பருக்குப் பெரிய பிஸ்டன் வைக்கிறார்கள். எடுத்துக்காட்டாக 19 மில்லிமீட்டர் துளையுள்ள வீல் சிலிண்டரின் பரப்பு 283 சதுர மில்லிமீட்டர், 36 மில்லிமீட்டர் பிஸ்டனின் பரப்பு 1,018. ஒரே ஆயில் அழுத்தத்துக்கு மூன்றரை மடங்குக்கும் மேற்பட்ட விசை. இந்தக் கணக்கு, பெடலை மிதிக்கும்போது ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரின் துளையோடும், பின் லைனில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வோடும் சேர்த்துப் போடப்படுவது. ஏ.பி.எஸ். உள்ள கார்களில் பெரும்பாலும் இந்த வால்வே இருப்பதில்லை. சக்கரங்களின் வேகத்தை ஒப்பிட்டுப் பின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேலையை மின்னணுப் பெட்டி ஏற்றுக்கொள்கிறது. அப்படி ஒரு காவலாளி இருக்கிறான் என்ற நம்பிக்கையில் அளவு குறிக்கப்பட்ட காலிப்பரை, காவலாளியே இல்லாத காரில் மாட்டினால் விளைவு இரண்டில் ஒன்று. பின் பிரேக் அளவுக்கு மிஞ்சினால், மழையில் வளைவில் மிதிக்கும்போது பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு கார் சுழன்றுவிடும். உங்கள் காரின் பழைய வால்வு அழுத்தத்தை மிகையாகக் குறைத்துவிட்டால், பின் பிரேக் பேருக்கு மட்டும் வேலை செய்து முழுச் சூடும் முன்னால் ஏறும், அதாவது தொப்பூரில் இப்போது இருப்பதைவிட மோசமாகும். இரண்டில் எது நடக்கும் என்பதை ரோலர் பிரேக் சோதனையில் ஏற்றி அளந்தால் மட்டுமே சொல்ல முடியும், காயலான் கடையில் நின்று சொல்ல முடியாது.

ஓசூர் நண்பருடைய கார் இரண்டு ஆண்டுகளாக நன்றாக ஓடுவதற்கு, அதில் ஏ.பி.எஸ். இருப்பது ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். அங்கும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஹப்பிலுள்ள வேக உணரி வளையத்தின் பல் எண்ணிக்கை மாறுபட்டால், கார் நேராகப் போகும்போதே சக்கரம் வழுக்குவதாகப் பெட்டி தவறாகப் புரிந்துகொள்ளும்.

பர்கூர்_மாந்தோப்பு எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். பலேனோ ஆர்.எஸ். காரிலும் நான்கு டிஸ்க் உண்டல்லவா, அதன் பின் பாகங்களைச் சாதாரண பலேனோவில் போடுவதற்கும் இதே விதிதானா?

சூளகிரி_எந்திரன் எழுதியது:

ஆம், இதே விதிதான். இரண்டிலும் ஏ.பி.எஸ். இருப்பதால் ஆபத்து குறைவு, ஆனால் பெட்டியின் மென்பொருள் எந்தப் பிரேக்குக்காக எழுதப்பட்டது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

காவேரிப்பட்டினம்_பட்டறை எழுதியது:

பாலக்கோட்டுத் தம்பிக்கு வணக்கம். எந்திரன் ஐயா கணக்கைச் சொல்லிவிட்டார், நான் கையால் செய்யும் வேலையைப் பற்றிச் சொல்கிறேன். பிரேக்கை விட்டு ஸ்பிரிங், ஷாக் மட்டும் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். எடுக்கலாம், ஆனால் கடைக்காரர் சொல்வது போலக் கண்ணை மூடிக்கொண்டு அல்ல.

உங்கள் காரில் ஷாக்கும் ஸ்பிரிங்கும் தனித்தனியே நிற்பவை. ஸ்பிரிங்கைக் கையில் எடுத்தவுடன் அதன் உயரத்தை மட்டும் பார்ப்பது வழக்கம், ஆனால் முதலில் பார்க்க வேண்டியது கம்பியின் தடிமன். ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 12 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதிலாக 12.5 வந்தால், கண்ணுக்கு வேறுபாடே தெரியாது, விறைப்போ 18 விழுக்காடு கூடிவிடும். ஆகவே வெர்னியரால் கம்பியை அளந்து, சுற்றுகளை எண்ணி, சுற்றின் விட்டத்தையும் பாருங்கள். இடது வலது இரண்டையும் தட்டையான தரையில் பக்கத்தில் பக்கமாக நிறுத்திப் பார்ப்பதும் முக்கியம், ஏனெனில் ஒரு பக்கமாகவே பாரம் சுமந்த காரில் ஒன்று குட்டையாகியிருக்கும். லீனியா செடான் என்பதால் டிக்கியின் சுமையையும் பின்னால் நீண்ட உடலையும் தாங்க வேண்டியது. அந்த ஸ்பிரிங்கோடு புன்ட்டோவை ஆளில்லாமல் ஓட்டினால் பாலக்கோட்டு வேகத்தடை ஒவ்வொன்றிலும் பின்பக்கம் துள்ளும், பின்பக்கம் உயர்ந்தால் முன் விளக்கின் ஒளியும் தாழ்ந்துவிடும். துள்ளும் சக்கரத்துக்குப் பிரேக்கும் பிடிக்காது என்பதை மறக்கக் கூடாது.

ஷாக்கைப் பொறுத்தவரை பழையதை வாங்குவதே வேண்டாம் என்பேன். உங்களுடையதே எண்ணெய் விட்டுவிட்டது, விபத்தான காரில் எத்தனையோ ஆண்டுகள் இருந்த ஷாக்கை எந்த நம்பிக்கையில் வாங்குவது? புதிது வாங்கும்போதும் முழுதாக நீட்டிய நீளத்தை உங்கள் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஜாக்கியில் தூக்கும்போது ஆக்சில் எவ்வளவு தொங்கும் என்பதைத் தீர்மானிப்பது ஷாக்தான். அது நீளமாக இருந்தால் பிரேக் ஹோஸ் இழுபடும், ஸ்பிரிங் தன் இருக்கையிலிருந்து நழுவும்.

முழு ஆக்சில் பீமை மாற்றுவது எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை. இந்த வகைப் பீமில் சக்கரத்தின் டோவையும் (உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் கோணம்) கேம்பரையும் (செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் கோணம்) திருகி மாற்றும் வசதி கிடையாது. முன்னால் மோதிய கார் என்று கடைக்காரர் சொல்கிறார், மோதிய பிறகு அது பின்னால் எதில் போய் இடித்தது என்பதை யார் பார்த்தார்கள்? மூன்று மில்லிமீட்டர் வளைந்திருந்தாலும் மாட்டும்போது தெரியாது, ஐயாயிரம் கிலோமீட்டரில் டயரின் உள் ஓரம் இரம்பப் பல்லாகத் தேய்ந்த பிறகுதான் தெரியும். எந்தப் பீமாக இருந்தாலும் அதைக் காரோடு இணைக்கும் ரப்பர் புஷ்ஷின் போல்ட்டைக் கார் தரையில் நிற்கும்போது இறுக்க வேண்டும். லிஃப்ட்டில் தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து ஓர் ஆண்டுக்குள் கிழிந்துவிடும். நான் பார்த்த கிழிந்த புஷ்களில் பாதிக்கு மேல் இப்படிக் கெட்டவைதாம்.

டிஸ்க்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் இன்னும் ஒன்று. ஹேண்ட் பிரேக் நெம்புகோல் காலிப்பரிலேயே இருந்தால், புது பேட் போடும்போது பிஸ்டனைச் சுழற்றியபடியே உள்ளே தள்ள வேண்டும். சி-கிளாம்ப் போட்டு நசுக்கினால் உள்ளிருக்கும் திருகு உடைந்து, அன்றிலிருந்து ஹேண்ட் பிரேக் பிடிக்காது. காயலான் கடைக் காலிப்பரை முன்னால் யார் எப்படி நசுக்கினார்கள் என்பதும் தெரியாத விஷயம். டிஸ்க் சூடாக இருக்கும்போது இழுத்துவிட்ட ஹேண்ட் பிரேக் ஆறும்போது தளர்வதும் உண்டு. ஒகேனக்கல் போய் இறக்கத்தில் நிறுத்துபவர்கள் கியரிலும் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லையும் கொடுத்துவிட்டு ஆற்றுக்கு இறங்குவது நல்லது.

பாலக்கோடு_புன்ட்டோ எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. எந்திரன் ஐயா கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பிரேக் ஆயிலை மாற்றி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. குறைந்தபோதெல்லாம் மேலே ஊற்றிக்கொண்டே வந்திருக்கிறேன், குறைவதற்குக் காரணம் அந்த வீல் சிலிண்டர்தான் என்பது இப்போது புரிகிறது. அன்று இறங்கியது ஐந்தாம் கியரில். டீசல் மிச்சமாகும் என்று எண்ணிப் பழகிவிட்டேன்.

நேற்றுக் காவேரிப்பட்டினத்து அண்ணா சொன்னபடி வெர்னியரோடு கடைக்குப் போனேன். இரண்டு ஸ்பிரிங்கையும் தரையில் நிறுத்திப் பார்த்தால் இடப்பக்கத்தது 8 மில்லிமீட்டர் குட்டை. காலிப்பர் ஒன்றின் ரப்பர் உறை கிழிந்து பிஸ்டன் துருப்பிடித்திருந்தது. ஹேண்ட் பிரேக் கேபிளை ஏற்கெனவே வேறொருவர் வாங்கிப் போய்விட்டாராம். மேற்கொண்டு பேரம் பேசாமல் வந்துவிட்டேன். ஆனால் பிரேக்கில் மாற்றம் செய்தால் பதிவைப் புதுப்பிக்கும்போது சிக்கல் வருமா என்பதை யாராவது சொன்னால், இனி வேறு யாருக்காவது பயன்படும்.

ஊத்தங்கரை_ஓய்வு எழுதியது:

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளத்து வழக்கொன்றில் இதையே உறுதிசெய்தது. பின் பிரேக் டிரம்மா டிஸ்க்கா என்பது சான்றிதழில் அச்சாகும் விவரம் அல்ல என்று சிலர் வாதிடுவார்கள். என் பார்வையில் அதைவிடப் பெரிய கேள்வி காப்பீடு. விபத்துக்குப் பின் வரும் மதிப்பீட்டாளர், அந்த வகைக் காருக்கு இல்லாத பிரேக் மாட்டப்பட்டிருப்பதைக் கண்டு எழுதிவிட்டால், இழப்பீடு கேட்கும்போது காப்பீட்டு நிறுவனத்தோடு வாதாட வேண்டிவரலாம். அதே பாகத்தைப் புதிதாகப் போடுவதில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது.

பாலக்கோடு_புன்ட்டோ எழுதியது:

ஒன்றரை மாதம் கழித்து எழுதுகிறேன். டிரம் இரண்டும், பிரேக் ஷூக்களும், வீல் சிலிண்டர் இரண்டும், பின் ஷாக் இரண்டும் புதிதாகவே வாங்கினேன். பழைய டிரம்மை லேத்தில் கடைந்து போடலாமா என்று கேட்டதற்கு, டிரம்மிலேயே அச்சிட்டிருக்கும் உச்ச விட்டத்தைப் பட்டறையில் காட்டினார்கள். ஏற்கெனவே அதைத் தாண்டித் தேய்ந்திருந்தது. முன் பேட்களைக் கழற்றியபோது முகம் கண்ணாடி போலப் பளபளத்துக் கிடந்ததால் அவற்றையும் மாற்றி, டிஸ்க்கின் தடிமனை அளந்து பார்த்துக்கொண்டோம். ஆயிலை முழுவதும் வடித்து டாட் 4 ஊற்றி நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்தோம். வடித்த ஆயில் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. எல்லாம் சேர்ந்து 16,500 ரூபாய் ஆயிற்று.

அதன் பின் மூன்று முறை தொப்பூர் இறங்கிவிட்டேன். மூன்றாம் கியரில், வேகம் கூடும்போது மட்டும் அழுத்தமாக மிதித்து விட்டுவிடுகிறேன், காலைப் பெடலிலேயே வைத்துத் தேய்ப்பதில்லை. வாடையும் இல்லை, பெடலும் தாழவில்லை. பின்னால் வரும் லாரிகள் ஒலிப்பான் அடிக்கின்றன, அடிக்கட்டும்.

ஒரே ஒரு சந்தேகம். வேலை முடிந்த அன்று ஹேண்ட் பிரேக் ஐந்தாவது சொடுக்கில் பிடித்தது. 400 கிலோமீட்டர் ஓடிய பின் இப்போது ஒன்பதாவதில்தான் பிடிக்கிறது. கால் பிரேக்கும் முதல் மிதியில் கொஞ்சம் தாழ்வாகத் தெரிகிறது. புது ஷூ படிவதால் இப்படி ஆகுமா?

காவேரிப்பட்டினம்_பட்டறை எழுதியது:

ஷூ படிவதால் இரண்டு சொடுக்கு கூடும், நான்கு கூடாது தம்பி. தேய்வுக்கு ஏற்ப ஷூவை நகர்த்தும் அட்ஜஸ்டர் ஒரு பக்கத்தில் வேலை செய்யவில்லை என்று தோன்றுகிறது. கேபிளை இறுக்கி மறைத்துவிடாதீர்கள். ஒரு பத்து நிமிடம் ஓட்டிவிட்டு இரண்டு பின் சக்கரத்தின் நடுவிலும் கை வைத்துப் பாருங்கள், எது ஆறிப்போயிருக்கிறதோ அந்த டிரம்மைத் திறக்கச் சொல்லுங்கள்.

பாலக்கோடு_புன்ட்டோ எழுதியது:

இடப்பக்கம் ஆறியிருந்தது. திறந்து பார்த்தோம் அண்ணா. அட்ஜஸ்டரை இழுக்கும் சிறு ஸ்பிரிங் மாட்டப்படவே இல்லை, பழைய ஷூக்களோடு அட்டைப்பெட்டியில் கிடந்தது. மாட்டிய பின் மீண்டும் ஐந்தாவது சொடுக்கில் பிடிக்கிறது.